வேற்றுக்கிரகப் போரும் தெப்ராவ் வாசகர்களும்

பழைய புத்தகக் கடையில் வேலை செய்கிறவனுக்குப் புத்தகம் படிக்க நேரம் இருக்காது. படித்தவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் நேரம் சரியாக இருக்கும். எந்தக் கடையானாலும் சரி, கவுண்டருக்குப் பின்னால் நின்று பொழுதைத் தள்ளியவர்களுக்கு என் பாடு புரியும்.

எங்கள் கடை சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தெப்ராவில், ஒரு டயர் கடைக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் போகலாம். ஆனால் பாஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். திருப்பித் தருகிறவர் வாயைத் திறந்து கருத்து சொல்ல வேண்டும். "நல்லா இருந்துச்சு" என்பது செல்லாது. அந்தக் கருத்தை, அடுத்து அதே புத்தகத்தை எடுக்கிறவரிடம் நான் அப்படியே ஒப்பிக்க வேண்டும். என் குரலோ தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைத் தாண்டாது.

அதிகம் பேச்சு வாங்கியது ஓர் ஆங்கில விண்வெளி நாவல். ஒருவன் நட்சத்திரங்களுக்குச் சண்டை போடப் போகிறான். அவனுக்குச் சில வருடம்தான் ஓடுகிறது. திரும்பி வந்தால் பூமியில் தலைமுறையே மாறிக் கிடக்கிறது. சண்டை எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. போர் வேண்டாம் என்கிற கதை. அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாலம் தாண்டுகிறவர்

ரவி அண்ணன் தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் கிளம்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதராக இருப்பார். அன்றைக்குத்தான் எங்கள் கடைக்கு வருவார்.

நாவலை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். "கருத்து, அண்ணே" என்றேன். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "அவன் நட்சத்திரத்துக்குப் போய்ட்டு வந்து ஊரு அடையாளம் தெரியலங்கிறான். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் வரைக்கும்தான் லா போறேன், என் மகன் மீசை வச்சிருக்கிறத நேத்துதான் பாத்தேன்!"

பூட்ஸ் போட்டவர்

அடுத்து எடுத்தவர் மாணிக்கம் அங்கிள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோத்தா திங்கியிலிருந்து பஸ் ஏறி வருவார். ரவி அண்ணன் சொன்னதை நான் ஒப்பித்தபோது, காதருகே கையை வைத்து, "சத்தமா சொல்லு, எதிரி யாரும் கேக்கல" என்றார்.

திருப்பிக் கொண்டுவந்தபோது குறைகளை அடுக்கினார். மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, ஈர பூட்ஸில் கால் ஊறிப் புண்ணாகும் சங்கதி ஒரு பக்கத்தில்கூட இல்லை. இவ்வளவையும் திட்டிவிட்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்: "ஆனா ட்ரெய்னிங் அப்படியே இருக்கு தம்பி. படிச்சதும் எனக்கே மறுபடியும் போய்ச் சேரணும்போல ஆயிருச்சு."

பயமுறுத்தும் புத்தகம்

ஸ்டெல்லா ஆண்டி பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர். ஒரே மகன் கெல்வின். பள்ளி முடித்ததும் அஸ்கார் பட்டாளத்தில் சேருவேன் என்று பிடிவாதமாக நின்றான். ஆள் எடுக்கும் நாளும் நெருங்கிவிட்டது. "பட்டாளம்னாலே பயம் வர்ற மாதிரி புத்தகம் இருக்கா?" என்று கேட்டு வந்தார். அந்த நாவலைத் தவிர வேறு எதைச் சொல்வேன்? மகனையே அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எடுத்துப் போக வந்தவன் கெல்வின். சட்டம் சட்டம்தானே; மாணிக்கம் அங்கிளின் கருத்தை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். பையன் முகத்தில் விளக்கு எரிந்தது. மூன்றே நாளில் திருப்பிக் கொண்டுவந்து, மூச்சு வாங்க நின்று சொன்னான்: "அண்ணே, ட்ரெய்னிங் செம்ம! அடுத்த பாகம் இருக்கா?"

படிக்காத வாசகி

கெல்வின் தேர்வாகிவிட்டான். ஸ்டெல்லா ஆண்டி கேன்டீன் ஏப்ரனோடு வந்து நின்றார்.

"சண்ட வேணாம்னு சொல்ற புத்தகம்னியே! அப்படி என்னதான் எழுதியிருக்கான்? சொல்லு, கேக்கிறேன்."

ஆங்கிலம் படிக்க அவருக்கு வராது. நான் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கதை கேட்டே வளர்ந்தவன். கதை சொல்ல வரும், சத்தம்தான் வராது. பக்கத்தில் டயர் கழற்றும் இரைச்சல் வேறு. "செபம் பண்ற மாதிரி முணுமுணுக்காதப்பா!" என்று இரண்டு தடவை அதட்டினார். நாவலில் சண்டைக்குப் போனவன் ஊர் திரும்பும் இடம் வந்ததும் கவுண்டர்மேல் சாய்ந்துகொண்டார்.

"அவன் அம்மா?"

"பழைய ஆளுங்க யாரும் இல்ல, ஆண்டி."

உள்ளேயிருந்து பாஸ் குரல் கொடுத்தார்: "கதை கேட்டாலும் கருத்து சொல்லணும்!"

ஆண்டி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புள்ளைய அனுப்பாதன்னு எழுதியிருக்கான்னு நெனச்சேன். எனக்குக் கேட்டது வேற. திரும்பி வர்றவனுக்கு வீட்டுல ஆளு இருக்கணும். என் வீட்டுல நான் இருப்பேன்."

கிளம்புவதற்கு முன்

பயிற்சிக்குக் கிளம்பும் முன் கெல்வின் வந்தான். முகாமுக்கு எடுத்துப் போக அதே நாவலைக் கேட்டான். கடைசியாகக் கருத்து சொன்னவர் யார் என்று சொல்லாமல், கருத்தை மட்டும் ஒப்பித்தேன். "என் வீட்டுல நான் இருப்பேன்" என்ற இடத்தில், புத்தகத்தை எடுக்க நீண்ட அவன் கை அப்படியே நின்றது.

"அலமாக்... அம்மாவா?"

தலையாட்டினேன். அட்டையைத் தடவிக்கொண்டே, "அம்மா என்கிட்ட பேசி ரெண்டு வாரமாச்சு" என்றான். வீட்டில் சண்டை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

"இங்கேயே இருக்கட்டும் அண்ணே. லீவுல அம்மாவோட வந்து எடுத்துக்கிறேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. இப்ப நான் கேன்டீனுக்குப் போறேன்."

போரை நிறுத்த எழுதிய அந்த நாவலால் எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு சண்டையைத்தான் நிறுத்த முடிந்தது, அதுவும் அதைப் படிக்காத ஒருவர் சொன்ன கருத்தால்.