நேற்று மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்?

அக்கா மறைந்த அன்று காலை பத்தரை மணிக்கு இலஞ்சி வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி பகவதி. அக்காவின் மகன் சங்கரன், சார்ஜாவிலிருந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்தான். எதிர்வீட்டு மைதீன் அண்ணாச்சி. வீடு தேடி வந்து நோயாளியைப் பார்க்கும் வண்டியின் நர்ஸ் ஜீனத். அந்த வண்டி ஓட்டும் செல்வம், அவர் உள்ளே வராமல் வாசலில் நின்றார். ஒருவரும் சத்தம் போட்டு அழவில்லை. அக்காவுக்கு அது பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

வருடம் ஒன்று ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று சங்கரன் சொல்லிவிட்டான். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவது வரை படித்தவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இலஞ்சியில். அப்பா தேங்காய் வெட்டுக்குப் போகிறவர். அம்மா வயல் வேலை. எனக்கு அடுத்த பிள்ளை பிறக்கும்போது அம்மாவும் பிள்ளையும் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது பதினாலு வயது, எனக்கு எட்டு. காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் அக்கா பள்ளிக்கூடம் போவார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார்கள். ஏன் அந்த வேலை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

முதல் வேலை வாசுதேவநல்லூர் பக்கம். பிறகு சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்தில். அங்கே ஒரு ஓடை. கார்த்திகையில் பெருகினால் இரண்டு நாள் யாரும் தாண்ட முடியாது. பங்குனியில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், பேறுகாலம் கார்த்திகையில் வரும் என்று அக்கா அன்றைக்கே நோட்டில் எழுதுவார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் அவளுக்குச் சொந்தக்காரர் யார், யார் வீட்டில் பத்து நாள் தங்கலாம் என்று பங்குனியிலேயே பேசி முடிப்பார்கள். "இன்னும் வாந்தியே நிக்கல, அதுக்குள்ள நர்சம்மா வண்டி பிடிக்காவ" என்று மாமியார்கள் கேலி செய்வார்களாம். பதினோரு வருடம் அங்கே இருந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு ஒரு பெண்ணும் சாகவில்லை. அக்கா வாய்விட்டுப் பெருமையாகச் சொன்னது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

சங்கரனுக்கு ஆறு வயது இருக்கும்போது மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் அக்கா வேலைக்குக் கிளம்பினார்கள். ஊரில் பேசினார்கள். அக்கா காதில் வாங்கவில்லை.

பிறகு குற்றாலம் பக்கம் மாற்றல் கிடைத்து, இலஞ்சிக்கே வந்துவிட்டார்கள். சாரல் விழுந்துவிட்டால் சீசன் வேலை. அருவிக்கரையில் முகாம், தண்ணீருக்கு மருந்து, வழுக்கி விழுந்தவனுக்குக் கட்டு. மூன்று மாதமும் எல்லோருக்கும் அதே பேச்சுத்தான். ஒரு சீசனில் என் ஆட்டோவில் வீடு திரும்பும்போது அக்கா சொன்னார்கள்.

"ஏலே, அருவிக்கு வாரவன் மூணு நாள்ல போயிருவான். இங்கன கட்டில்ல கிடக்கவன் பத்து வருசம் கிடப்பான். அவனுக்கு யாருலே முகாம் போடுதா?"

எனக்கு அப்போது சீசன் சவாரிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அக்காவின் பதிவேட்டில் பிள்ளைப்பேறு பக்கங்கள் வருடா வருடம் குறைந்தன. சர்க்கரை, ரத்தக்கொதிப்புப் பக்கங்கள் கூடின. பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், சார்ஜா என்று போய்விட்டார்கள். பெற்றவர்கள் இங்கே. அறுபது வயதில் அக்கா ஓய்வு பெற்றார்கள். பதிவேட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மனதில் இருந்ததைக் கொடுக்கவில்லை.

நாலு வருடம் முன்பு, அடுத்த பத்து வருடத்துக்கு எந்த ஊருக்கு என்ன மருத்துவ வசதி வேண்டும் என்று திட்டம் போட வீடு வீடாகக் கணக்கு எடுத்தார்கள். படுக்கையில் இருப்பவர் யார், அவருக்குக் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பார்க்க ஆள் இல்லாதவர்கள் அதிகம் உள்ள பகுதிக்கு ஒரு நர்ஸும் ஒரு வண்டியும் கிடைக்கும். வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து போடுவார்கள்.

கணக்கு எடுக்க வந்தது எங்கள் அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழா நடந்த வாரம். ஊரே திரும்பி வந்திருந்தது. வீட்டுக்கு வீடு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், வாசலில் கார். "கூட யாரு இருக்கா?" என்றால், "இந்தா, எல்லாரும் இருக்கோமே" என்று சொல்லி காப்பியும் கொடுத்து அனுப்பினோம். அவர்கள் மேல் தப்பு இல்லை. நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

இலஞ்சியும் சுற்றியுள்ள நாலு ஊரும் சேர்த்து, பார்க்க ஆள் இல்லாதவர்கள் ஏழு பேர் என்று முடிவு வந்தது. ஏழு பேருக்கு வண்டி கிடையாது. அடுத்த பத்து வருடமும் கிடையாது.

அக்கா அந்தக் கணக்குத் தாளை வாங்கி வந்து, எங்கள் தெருவையும் பின் தெருவையும் விரல் வைத்துப் படித்தார்கள். பின் தெருவில் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, இடுப்பு முறிந்து கட்டிலில் இருந்தார். பிள்ளை இல்லாதவர்.

"அத்தைக்குக் கூட ஆள் இருக்குன்னு போட்டிருக்கு. யாருலே சொன்னா?"

"நாந்தான்."

"யாரு இருக்கா கூட?"

"நான் இருக்கம்லா."

"காலைல இட்லிய வச்சிட்டு ஆட்டோ எடுத்துட்டுப் போற. பொழுது அடையத் திரும்புற. நடுவுல அவ புரண்டு படுக்க ஆள் உண்டா?"

"தனியா கிடக்கான்னு எப்படிச் சொல்ல? ஊர்ல நம்மள என்ன நெனைப்பான்?"

அக்கா எழுந்து பின் தெருவுக்கு நடந்தார்கள். நானும் போனேன். அத்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைக் காட்டினார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். தினமும் இட்லி கொடுத்தவன் நான். ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போனோம். "திட்டத்தை முடிக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. நீங்க பேர் பேரா கொண்டுவாங்க, நான் மேல அனுப்புதேன்" என்றார். அன்று மதியமே அக்கா என் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். கொடை முடிந்து ஊர் காலியாகிவிட்டது. வீடு வீடாகப் போனோம். அப்போதும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடந்தார்.

"கூட யாரு இருக்கா அண்ணாச்சி?"

"மகன் இருக்கான்."

"எங்கன?"

"மெட்ராஸ்ல. தினம் போன்ல பேசுதாம்லா."

மூன்று நாள் இதே கதை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "ஒருத்தனும் சொல்ல மாட்டாங்க அக்கா, விட்டிரு" என்றேன். அக்கா விடவில்லை. நாலாவது நாள் கேள்வியை மாற்றினார்கள். அதே அண்ணாச்சி வீட்டுக்குத்தான் முதலில் போனோம்.

"நேத்து உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யாரு?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

"பால்காரன்" என்றார்.

"சரி. மத்தியான மாத்திரை?"

"அவன் காலைல மட்டுந்தான வருவான். மூணையும் சேத்துப் போட்டிருவேன்."

அதன் பிறகு எல்லா வீட்டிலும் அந்த ஒரு கேள்விதான். கேபிள்காரர் என்றார் ஒருவர். எதிர்வீட்டுப் பாத்திமா என்றார் ஒரு ஆச்சி. "நேத்தா? நேத்து போடலையே" என்றவர்கள்தான் அதிகம். கூட மகன் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா எழுதிக்கொண்டே போனார்கள்.

விஷயம் வெளியூருக்கும் போயிற்று. சென்னையிலிருந்து ஒருவர் போனில் சத்தம் போட்டார். எனக்கும் கேட்டது.

"எங்கம்மாவ அனாதைன்னு எழுதுனீங்களாமே?"

"அப்படி எழுதல மக்கா. மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லன்னு எழுதினேன். நீ வந்து இருக்கியா சொல்லு, இப்பமே அடிச்சிருதேன்."

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த மாதம் வந்து அம்மாவை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதையும் எழுத வேண்டும்.

டாக்டரம்மா சொன்ன ஒரு மாதம் முடிய நாலு நாள் மிச்சம் இருக்கும்போது எண்ணி முடித்தோம். நூற்றுப் பதினெட்டு பேர். அக்கா இன்னொரு பட்டியலும் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா எங்களைத் தென்காசிக்கு அனுப்பினார். அங்கே அதிகாரி ஒருவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"இது சரி. இந்த ரெண்டாவது பட்டியல்ல உள்ளவங்க நல்லாத்தானம்மா இருக்காங்க?"

"இன்னைக்கு நடக்காவ சார். பிள்ளைக வெளியூர்ல. பத்து வருசத்துல இவுகளும் கட்டில்தான். நீங்க போடுதது பத்து வருசத் திட்டம்லா?"

அவர் சிரிக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது பட்டியலில் அக்கா பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது. வெளியே வந்து கேட்டேன்.

"என் பேரு என்னத்துக்கு?"

"ஏன், கட்டில்ல விழ மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கியா?"

எட்டு மாதம் கழித்து வண்டி வந்தது. வாரத்துக்கு மூன்று நாள். ஜீனத் என்று ஒரு நர்ஸ். அக்கா ஜீனத்தை முதலில் அந்தப் பலசரக்குக் கடை அண்ணாச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அத்தை வீடு மூன்றாவது. அத்தையின் புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஒன்றரை வருடம் வலி இல்லாமல் இருந்து போய்ச்சேர்ந்தார். புரட்டிப் படுக்க வைக்க நானும் பகவதியும் ஜீனத்திடம் படித்துக்கொண்டோம். கஷ்டம் ஒன்றும் இல்லை. முன்பே கேட்டிருக்கலாம்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சைக்குக் காலம் தாண்டிவிட்டது என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கேட்டார்கள். இரண்டாவது பட்டியலில் தன் பெயரை அடித்தார்கள். முதல் பட்டியலில் தன் கையால் எழுதினார்கள். "நான் இருக்கேன்லா, பகவதி இருக்காள்லா" என்றேன். "நீ இருக்கது எனக்குத் தெரியும். நீ ஆட்டோ ஓட்டுதப்போ?" என்றார்கள்.

வண்டி வீட்டு வாசலில் நின்றால், "எனக்கு அவசரம் இல்ல தாயி, அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வா" என்று ஜீனத்தை அனுப்பப் பார்ப்பார்கள். ஜீனத் கேட்க மாட்டார். "பெரியம்மா, உங்க முறை வந்தா உங்களத்தான் பாக்கணும். நீங்க போட்ட சட்டந்தான்" என்பார். அக்கா திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நாலு வருசத்துக்கு ஒருக்க கணக்கைத் திரும்பப் பாப்பாக. இன்னொரு வண்டி வேணும். இருக்க வண்டி பத்தல. நீதான் எண்ணணும்."

"என்னால ஆகாது அக்கா. நான் படிக்காதவன்."

"பேரு எழுதத் தெரியும்லா?"

"தெரியும்."

"போதும். கொடை முடிஞ்ச பெறவு போ."

அவர்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: மேலே அனுப்பி வைத்த டாக்டரம்மா. தாளை வாங்கி வைத்துக்கொண்ட அந்த அதிகாரி. ஜீனத், செல்வம். இரண்டு மாதம் கஞ்சி கொண்டுவந்த மைதீன் அண்ணாச்சி வீட்டார். சார்ஜாவில் வேலை போனாலும் பரவாயில்லை என்று கிளம்பி வந்த சங்கரன். அக்கா கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்ன எல்லா வீட்டாரும். அவர்களில் பலர் இன்று இல்லை.

இந்த மலரை வாங்கிப் படிக்கும் வெளியூர்ச் சொந்தங்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுக்கு யாராவது கணக்கு எடுக்க வந்தால், கொடை வாரத்தில் வந்தாலும் சரி, இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். போன மாதம் யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள்.

இந்த வருடக் கொடை முடிந்து பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு அதே ஐந்து ஊருக்கும் போனேன். பகவதி கூட வந்தாள். அதே கேள்வியைத்தான் கேட்டோம். பேர் எழுதி முடித்து, டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டோம். நேற்று மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் நூற்று எழுபத்து மூன்று.