பல்லுக்குக் கிளிப் போடப் போன கதை

போன வருடம் ஆடி மாதம் நடந்தது. எங்களுக்கு வீடு படப்பைக்குப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெஷின் ஆபரேட்டர். ஆனால் நான் சொல்ல வருவது நடந்த இடம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஹால். அங்கே நான் காத்துக் கிடந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் இன்னொரு டிப்ளமாவே முடித்திருக்கலாம்!

என் மகள் ஏழாவது படிக்கிறாள். மேல்வரிசைப் பல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். எங்கள் கண்ணுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. வகுப்பில் எவனோ ஒருவன் 'தேங்காத் துருவி' என்று பெயர் வைத்துவிட்டான். அன்றிலிருந்து பேசினாலும் சிரித்தாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். போகப் போகப் பேச்சே குறைந்துவிட்டது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிறாள் என்று டீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டில் ஓயாமல் தொணதொணத்துக்கொண்டிருந்த பிள்ளை அது. பெற்றவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

தனியார் கிளினிக் நமக்குக் கட்டுப்படியாகாது. பல் கல்லூரியில் இருந்து படப்பைக்கே வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், அதில் போனோம். முதல் முறை பார்த்த டாக்டரம்மா, பால் பல் எல்லாம் விழட்டும், அப்புறம் வாருங்கள் என்றார். சரி, காத்திருந்தோம். விழுந்தது. போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், மாவு மாதிரி எதையோ வாயில் அடைத்து அச்சு எடுத்தார்கள், கூட்டம் அதிகம், போன் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். போன் வரவே இல்லை. நேரில் போய்க் கேட்டால், அந்த டாக்டரம்மா படிப்பு முடிந்து ஊருக்கே போய்விட்டாராம்! அங்கே மேல்படிப்பு படிக்கிறவர்கள்தான் கிளிப் போடுவார்கள். அவர்கள் படிப்பு முடிந்தால் நம் பிள்ளையின் வாய் வேறொருவர் கைக்கு மாறும். புது டாக்டர் வந்தார், மறுபடியும் எக்ஸ்ரே, மறுபடியும் மாவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாவை யார் வாயிலாவது அடைக்கலாம் போலிருந்தது.

ஒருவழியாக ஆடியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். என் மனைவிக்கு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் பகல் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. எனக்கோ அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, யூனிபார்மைக்கூட மாற்றாமல் மகளை அழைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன். ஹாலில் உட்கார்ந்தோம். பெயர் கொடுத்தாயிற்று, கூப்பிடுவார்கள் என்றார்கள்.

ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவோம். யாரும் எழுப்ப வேண்டாம், நம் ஸ்டாப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கினால் கண் தானாக முழித்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில் இங்கேயும் கண்ணை மூடினேன். ஹாலில் ஏது ஸ்பீட் பிரேக்கர்?

கண் விழித்தால் பாதி ஹால் காலி. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பதறிப்போய் கவுண்ட்டருக்கு ஓடினேன்.

"மூணு வாட்டி கூப்ட்டோம் சார், யாரும் வரல. இனிமே அடுத்த மாசந்தான்" என்றார் அங்கிருந்த பெண்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை மாதம் அலைய விட்ட கதையை எல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் அசரவில்லை. "பாப்பா உங்க பக்கத்துலதான சார் உக்காந்துகினு இருந்துச்சு?" என்றார்.

திரும்பி மகளைப் பார்த்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பேரு கூப்ட்டது காதுல வுழுந்துச்சா?"

தலையை ஆட்டினாள்.

"அப்புறம் இன்னாத்துக்கு சும்மா இருந்த? வாயில கொழுக்கட்டையா வெச்சினு இருந்த?"

மிச்சம் இருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், பொங்கிவிட்டாள்.

"எழுப்பலாம்னுதான்பா பாத்தேன். நீ அடிச்சிப் போட்டாப்பல தூங்கினுகீற! ராத்திரி பூரா நின்னுகினே வேல செஞ்சிட்டு வந்த ஆள எப்டிப்பா எழுப்புறது? எனக்கு மனசே வரல. ஒரு கிளிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். பல்லு இப்டியே இருந்துட்டுப் போவட்டும். வா, நீ வூட்ல வந்து படு!"

அந்த ஹாலே அதிரும்படி கத்தினாள். நான் அவள் சொன்னதைக் கேட்டேனா, அவளைப் பார்த்தேனா என்றே தெரியவில்லை. ஒரு கை இடுப்பில் இருந்தது, இன்னொரு கை என்னை நோக்கி நீண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் அந்த முன்பல் முழுசாகத் தெரிந்தது. எத்தனை காலம் ஆயிற்று, என் பிள்ளை இப்படிப் பேசி!

கவுண்ட்டர் பெண்ணுக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். டாக்டர் சாப்பிட்டு வந்ததும் உள்ளே போய்ப் பேசினார். இன்றைக்குக் கிளிப் போட நேரம் இல்லை என்று, கம்பி மாட்ட இடம் உண்டாவதற்காகக் கடைவாய்ப் பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் மட்டும் மாட்டி, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் காக்க வைத்துத்தான் கிளிப் போட்டார்கள், அது வேறு கதை.

மாதா மாதம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இந்த டாக்டருக்கும் படிப்பு முடியப் போகிறதாம், நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மகள் கம்பி தெரிய எல்லோரிடமும் வாயடிக்கிறாள், முக்கியமாக என்னிடம். நைட் ஷிப்ட் முடித்துப் போனாலும் சரி, எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் சரி, என் தூக்கத்தைக் கெடுக்க மனசில்லாமல் தன் முறையையே விட்டுக்கொடுத்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஹாலில் எனக்குக் கண்ணை மூட மட்டும் மனசு வருவதில்லை.