முன்பாரம்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதும், அதே இடத்தில் முன்பு இருந்த ஏரிக்கரை மேடும், ஞாயிறுதோறும் எங்களைக் கோயில் பூசைக்கு ஏற்றிப்போன சின்னப்பன் மாமாவின் மாட்டு வண்டியும், அதன் அச்சில் மணத்த வண்டிமையும் நினைவுக்கு வந்துவிட்டன. மேடு நெருங்க நெருங்க, சக்கரத்தின் கிறீச்சொலியைவிட என் நெஞ்சு அதிகமாகச் சத்தம் போடும். ஏனென்றால், "கனமானதெல்லாம் எறங்கு" என்று அவர் சொல்லி, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் நாள் ஒன்று நிச்சயம் வரும் என்று ஒன்பது வயதிலேயே கணித்திருந்தேன்.

அதற்குப் பயந்து ஒருநாள், அவர் கண்ணில் படாமல் வண்டியின் கடைசியில் போய் ஒளிந்தேன். மேட்டில் வண்டி பின்பாரமாகி, நுகத்தடி மேலே எழும்பி, மாடுகளின் கழுத்துக் கயிறு இறுகியது.

"பின்னால கீறவங்க அல்லாரும் எறங்குங்க!"

நானும் குதிக்கப் போனேன்.

"நீ இன்னாத்துக்கு எறங்குற, குண்டம்மா? முன்னால வந்து குந்து. நீ இருந்தாத்தான் மாடு பொழைக்கும்!"

உட்கார்ந்தேன். நுகத்தடி இறங்கியது, மாடுகள் மூச்சு விட்டன, நானும்தான். ஒல்லிப்பிச்சான்கள் அத்தனை பேரும் வெயிலில் நடந்து வந்தார்கள். டாக்டர் எத்தனை முறை சொல்லியும் நான் இன்றுவரை இளைக்காததற்கு அந்தக் காட்சிதான் காரணம்.