அம்பு ஒட்டிய வீடு

போன வருடம் ஆனி மாதம் நடந்தது இது. ஆம்பூரிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு கிராமம். எங்கள் ஷூ கம்பெனி பஸ் கடைசியாக நின்று திரும்புகிற ஊர். அங்கே ஒரு மாடி வீட்டில் நான், என் மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மூன்று பேரும் குடியிருந்தோம்.

கடைசி ஸ்டாப்பில் போய் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் வாடகையை ஏற்றுவது கம்பெனி பஸ்தான். ஒரு ஊரில் அது நிற்க ஆரம்பித்தால் போதும், மறுமாதமே அங்கே மாட்டுக்கொட்டகைக்கு டைல்ஸ் ஒட்டி, ‘சிங்கிள் பெட்ரூம்’ என்று போர்டு மாட்டிவிடுவார்கள். ஆம்பூர் டவுனில் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்கள். மீதிப் பாதியில் நாங்கள் மூச்சு விடலாம், சாப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பின்வாங்கினேன். இதற்கு மேல் பஸ்ஸுக்கே வழியில்லை என்ற இடத்தில்தான் எனக்குக் கட்டுப்படியாகிற வீடு கிடைத்தது.

அதுவும் வாடகைக்கு அல்ல, போக்கியத்துக்கு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்ப வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வீட்டுக்காரரும் அந்தப் பணத்தைப் பீரோவில் வைத்துப் பூஜை செய்வதில்லை. எங்கள் வீட்டுக்காரர் அதில் மகள் கல்யாணத்தை முடித்தார். அடுத்து வருகிறவர் பணம் கொடுத்தால்தான் அவர் எனக்குத் தர முடியும். அந்த அடுத்த ஆளைத் தேடிப் பிடித்து வருவதும் காலி செய்கிறவன் வேலைதான். எழுதி வைக்காவிட்டாலும் ஊரெங்கும் இதுதான் முறை.

வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கீழ்வீட்டில் அவரும் அவர் மனைவியும். அதிகம் பேசமாட்டார். நான் படியில் இறங்கும்போது, “இன்னா தம்பி, டியூட்டிக்கா?” என்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். ஷூவில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். தையல் விட்டிருந்தால் ஒரு அம்பு, தோலில் கீறல் இருந்தால் ஒரு அம்பு. சரி செய்கிறவர்கள் அம்பைப் பார்த்து வேலை செய்வார்கள். குறை கண்டுபிடிக்க ஒரு மனிதனுக்குச் சம்பளமும் கொடுத்து, மத்தியானம் சோறும் போட்டால் அவன் என்ன ஆவான்? நான் ஆனேன்.

குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீணாகக் கிடந்த ஒரு ஸ்டிக்கர் சுருள் கையில் இருந்தது. குளியலறைக் கதவு பாதிதான் சாத்தும். அதில் ஒரு அம்பு ஒட்டி, போட்டோ எடுத்து, ‘குளிப்பவர் பாடிக்கொண்டே குளிக்கவும்’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். மறுநாள் பஸ் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வாரம் ஒரு அம்பு. குழாயைத் திறந்தால் முதலில் இருமல், பிறகுதான் தண்ணீர். அதற்கு ஒன்று. ஹாலில் ஸ்விட்சைப் போட்டால் சமையலறையில் விளக்கு எரியும். அதற்கு ஒன்று. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் ஒரு விரிசல். கையை நீட்டி அதற்கும் ஒட்டினேன். படுக்கையறைக் கூரையில் தண்ணீர்த் தொட்டி கசிந்து இலங்கை வரைபடம் போலவே ஒரு ஈரத்திட்டு. அதற்கு அம்பு ஒட்டி, ‘படுத்தபடியே வெளிநாட்டுப் பயணம்’ என்று போட்டேன். அது கம்பெனியைத் தாண்டி, எனக்குத் தெரியாதவர்கள் போனுக்கெல்லாம் போனது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போவேன். யார் யார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்படி மூன்று வருடம் ஓடியது. அப்போதுதான் என் மனைவிக்கு நாட்றம்பள்ளி பக்கத்தில் அங்கன்வாடி வேலை கிடைத்தது. அவள் பல வருடம் காத்திருந்த வேலை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மகளையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரே வாரத்தில் அவள் முகம் வாடிவிட்டது. நல்ல நேரம், அங்கன்வாடிக்கு எதிர்த் தெருவிலேயே ஒரு சின்ன வீடு, எங்கள் தொகைக்கே போக்கியத்துக்கு வந்தது. எங்கள் கம்பெனி பஸ் ஒன்றும் அந்த வழியாகப் போகிறது. வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஆனி முடிகிறவரை வைத்திருப்பேன், அதற்குமேல் வேறு ஆள் காத்திருக்கிறார் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறமாட்டார்கள். அந்த வீடு போனால் அதே விலைக்கு அங்கே இன்னொன்று கிடைக்காது. அவள் வேலையை விட வேண்டியதுதான்.

எனவே ஆனிக்குள் எங்கள் வீட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும். என் கைப்பணம் முழுக்க பாய் வீட்டுப் போக்கியத்தில்தான் இருந்தது. எனக்கென்ன கவலை, கம்பெனியில் ஆயிரம் பேரைத் தெரியுமே என்று மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அறிவித்தேன். டிரைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

“அம்பு வூடா?” என்றான் பின்சீட்டுக்காரன். “ஏன்டா தோஸ்த், உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?”

இருந்தாலும் பார்க்க வந்தார்கள். பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சமையலறையைப் பார்க்கவில்லை, தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இலங்கைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, ரொம்பச் சந்தோஷம் என்று போய்விட்டார்கள். இன்னொருவர் வீட்டுக்கே வரவில்லை. என் ஸ்டேட்டஸ்களை எல்லாம் சேர்த்துவைத்து, நீயே இவ்வளவு குறை சொல்லியிருக்கிறாய், தொகையைக் கம்மி பண்ணு என்று எனக்கே திருப்பி அனுப்பினார். தொகை கம்மியானால் எனக்கு வருவதும் கம்மிதான்.

சரி, தடயத்தை அழிப்போம் என்று உட்கார்ந்து ஸ்டிக்கர்களைச் சுரண்டினேன். சுவரில் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்தது. முதலில் சிவப்பாக இருந்த அம்புகள் இப்போது வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டன. இருட்டில்கூடத் தெரிந்தன.

என் மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். “ஊர்ல எல்லாரும் மூடி மறைச்சு வீட்டை விடுவாங்க. நீங்க மூணு வருஷமா விளம்பரம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. ஜோக்குக்கு ஊரு சிரிச்சுது, சரி. வேலையை விட்டுட்டு நான் அழணும், அப்படித்தானே?” என்றாள்.

அவள் மேற்கொண்டு திட்டியிருந்தாலாவது தேவலை. நேராகப் போய் மகளுக்கு மறுநாள் போட வேண்டிய சீருடையை மடிக்க ஆரம்பித்தாள்.

ஆனி முடிய ஒரு வாரம்தான் பாக்கி. ஸ்டிச்சிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒரு பெண், கணவரோடு வந்தாள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிற கணவர். எனக்குப் பழக்கமில்லை, ஆனால் என் ஸ்டேட்டஸ் அவள் லைன் முழுக்கச் சுற்றுமாம். நான் இலங்கையை மறைக்க அதற்கு நேர்கீழே நின்றுகொண்டிருந்தேன். தரையில் நின்று கூரையை எப்படி மறைப்பது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவள் நேராகக் குழாயிடம் போனாள். திறந்தாள். இருமல் இல்லாமல் தண்ணீர் வந்தது.

“ண்ணா, பொங்கல் அப்ப இதுல அம்பு ஒட்டி ஸ்டேட்டஸ் வெச்சீங்க இல்ல? இப்ப குழாய் புதுசா இருக்கே. யாரு மாத்தினது?”

பாய்தான் என்றேன்.

“நீங்க போய்க் கேட்டீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒருநாள் பிளம்பரோடு வந்து, சும்மா பார்க்கலாம்னு வந்தேன் என்று மாற்றிவிட்டுப் போனார். ஸ்விட்ச்? அதுவும் அப்படித்தான், எலக்ட்ரீசியன் இந்தப் பக்கம் வந்தார் என்று கூட்டிவந்தார். குளியலறைக் கதவு? அதுவும்தான். என் அதிர்ஷ்டம், நான் கேட்காமலே எல்லாம் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் கணவரைப் பார்த்தாள். “ஒரு வூட்ல நம்ம பையன் சத்தம் போடறான்னு காலி பண்ண வெச்சாங்க. இன்னொரு வூட்ல மோட்டார் போடுங்கன்னு கேட்டதுக்கு. இவரு மூணு வருஷமா ஊருக்கே காட்டி வூட்டுக்காரர் மானத்தை வாங்கியிருக்காரு. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாம ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருக்காரு. வூடு எங்க வேணாலும் கிடைக்கும். இந்த மாதிரி வூட்டுக்காரர் எங்க கிடைப்பாரு?”

கணவர் தயங்கி, விரலால் மேலே காட்டினார்.

“இலங்கை இருந்துட்டுப் போவட்டும்,” என்றாள் அவள்.

நான் கேட்காமலே ரிப்பேர் என்றால், பாய்க்கு எப்படித் தெரிந்தது? அன்று காலைதான் ‘அருமையான வீடு, போக்கியத்துக்கு’ என்று ஒரு ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். போனை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். மேலேயே இருந்தது, நானே பதிந்து வைத்த பெயர்: ஹவுஸ் ஓனர். மோட்டார் போடச் சொல்ல என்று குடிவந்த அன்றைக்கே நம்பரைப் பரிமாறிக்கொண்டோம். கம்பெனிக்கு மட்டும் காட்டுவதாக நினைத்து, கீழ்வீட்டுக்கு வாரா வாரம் காட்டியிருக்கிறேன்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன். அந்தப் படிகள் அவ்வளவு நீளமாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர்கள் தொகை, தேதி எல்லாம் பேசி முடித்துக் கிளம்பிய பிறகும் நான் நகரவில்லை. பாய், அந்த ஸ்டேட்டஸ் எல்லாம்... என்று இழுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டேனரியில தோல்ல ஓட்டை எங்கன்னு சொல்ற ஆளுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி தம்பி. நீ சம்பளம் வாங்காம சொன்னே. மொதல்ல கொஞ்சம் பேஜாராத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. ஒரு வாரம் நீ வெக்கலன்னா எங்க வூட்ல, தம்பிக்கு உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தி, தயக்கமாகச் சொன்னார்: “அந்த இலங்கைதான் என்னால முடியல. தொட்டியையே மாத்தணும். கையில அப்ப காசு இல்ல.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் அதைச் சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்தேன். அதில் தையல் விட்டிருந்தது.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சாமான்களை வண்டியில் ஏற்றினோம். பாய் தொகையை முழுசாகக் கொடுத்தார். பெயின்ட் அடிக்க என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வது வழக்கம். அதையும் பிடிக்கவில்லை. நான் கேட்டதற்கு, புதிதாக வருகிறவர்கள் வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், எங்கெங்கே கவனிக்க வேண்டும் என்று அம்புத் தடத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம் என்றார். பிறகு, அந்த ஸ்டிக்கர் மிச்சம் இருந்தால் கொடுத்துவிட்டுப் போ, அந்தப் பெண்ணுக்கு உதவும் என்று கேட்டார். சுருளைக் கொடுத்தேன். கிளம்பும்போது, பெருநாளுக்குத் தழுவுவது போல மூன்று முறை கட்டித் தழுவினார். முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாட்றம்பள்ளியில் இறங்கி, சாமான்களைச் சுமந்துகொண்டு புதுத் தெருவில் அப்படியும் இப்படியும் நடந்தேன். தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல ஜனங்கள், வந்த அன்றைக்கே இவ்வளவு பிரியமா என்று நானும் ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைத்தேன். எல்லாம் இறக்கி முடித்துத் திரும்பியபோதுதான் என் மகள் பார்த்துக் கத்தினாள். சட்டை முதுகில் ஒரு சிவப்பு அம்பு. அதன் முனை மேல்நோக்கி, நேராக என் மண்டையைக் காட்டியது. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

இப்போது அந்த வீட்டு ஸ்டேட்டஸை ஸ்டிச்சிங் பெண் வைக்கிறாள். என்னைவிட நன்றாகவே எழுதுகிறாள். போன மாதம் படுக்கையறைக் கூரையைப் போட்டிருந்தாள்; வெறும் வெள்ளை, இலங்கையைக் காணவில்லை. இந்த லாரி டிரைவர் வீட்டிலும் பின்கதவு சாத்துவதில்லை, ஆனால் அதை நான் அவரிடமே போய்ச் சொல்கிறேன், சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கவும் வைக்கிறேன். அந்த அம்பைச் சட்டையிலிருந்து மெல்ல உரித்து முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்; தினமும் தலை சீவும்போது, என் குறையெல்லாம் தெரிந்தும் காலி பண்ணச் சொல்லாமல் மூன்று வருடம் வைத்திருந்த ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார்.