பேச வேண்டிய புதன்கிழமை

வெகு வருசம் கழிச்சுப் பிறந்த ஒரே மகள். மதுரையில எம்.ஏ. படிக்கிறா. போன வருசம் செமினார்னு ஒரு பாடம் வந்துச்சு. டீச்சர் பாடம் நடத்த மாட்டாகளாம். வாரா வாரம் புதன்கிழமை ஒரு பிள்ளை எந்திரிச்சுப் பேசணும், மத்ததுக கேள்வி கேக்கணும். அந்தப் பாடத்துக்கான சட்டத்தை ஒரு தாள்ல அடிச்சுக் குடுத்து, பெத்தவுக கையெழுத்துக் கேட்டிருந்தாக. அவளே வாசிச்சுக் காட்டினா. பேசுறதுக்கு நாப்பது மார்க்கு, எழுதிக் குடுக்க நாப்பது, கேள்வி கேக்க இருபது. ரெண்டு வகுப்புக்கு மேல போகாம இருக்கக் கூடாது. தன் முறைக்கு வர முடியலைன்னா முன்கூட்டியே சொல்லணும், வேற நாள் தருவாக. சொல்லாம விட்டா அந்தப் பாடத்துல பாஸ் கிடையாது.

“வாயடிக்க மார்க்குன்னா உங்கம்மாவைச் சேத்து விட்டிருக்கணும் ஆத்தா”ன்னாக எங்க வீட்டுக்காரர்.

“மொதல்ல மீசையில ஒட்டுன சோத்தைத் துடைங்க”ன்னேன்.

நான் நாலாப்பு. ஆனா எங்கேயும் கைநாட்டு வச்சதில்லை. எழுத்து எழுத்தா என் பேரைப் போட்டுக் குடுத்தேன்.

அறுபது தாண்டியும் அவுக ஜீப்பு ஓட்டினாக. ஒரு புதன்கிழமை விடியக்காலம், குரங்கணி மலைக்கு ஆள் ஏத்தக் கிளம்புன நேரம், நெஞ்சைப் பிடிச்சு உக்காந்தவுக எந்திரிக்கலை. மகள் ஊருக்குப் போறேன்னு மட்டும் கூட இருந்த பிள்ளைககிட்டச் சொல்லிட்டு பஸ்ஸேறி வந்தா. எனக்கு அழுகை வரலை. கை காலு தானா வேலை செஞ்சுச்சு.

ரெண்டு புதன் வீட்டோட போச்சு. மூணாவது புதன் அவ பேச வேண்டிய நாள். மறுநாள் பதினாறாம் நாள் காரியம்.

“காலையில போயிட்டுப் பொழுதடைய வந்துர்றேம்மா.”

“சாதிசனம் வந்து இறங்குற வீட்டுல மகளைக் காணோம்னா என்ன சொல்லுவாக?”

“அப்ப ஒரு போனாவது போட்டுர்றேன். வேற நாள் தருவாக.”

“என்னன்னு சொல்லுவ?”

“அப்பா இறந்துட்டாகன்னு.”

“செத்த அப்பனைச் சொல்லி மார்க்குக் கேக்கணுமா? கை நீட்டிப் பழக்கமில்லை நமக்கு. கொண்டா போனை.”

குடுத்துட்டா. மடியில முடிஞ்சுக்கிட்டேன். அவ காய் நறுக்க உக்காந்தா. பதினோரு மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பாத்தா, அவ்வளவுதான்.

மார்க்கு வந்தப்ப அந்தப் பாடம் போயிருந்துச்சு. மகளைக் கூட்டிக்கிட்டு நானே மதுரைக்குப் போனேன். டீச்சர் வயசுல சின்னவுக, எந்திரிச்சு நாற்காலி போட்டாக. அவ அப்பா போனதைச் சொன்னேன்.

“கட்டுரை நல்லா எழுதியிருக்கா, முப்பத்தாறு போட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த வாரமே பேச விட்டிருப்பேம்மா. அப்பா தவறிட்டாக, துட்டி வீடுன்னு யாருமே சொல்லலையே. இனி ஒண்ணும் மாத்த முடியாது. அடுத்த வருசம் திரும்ப உக்காரணும்.”

“நான்தான் சொல்ல வேண்டாம்னேன்”னேன்.

டீச்சர் மேசையைப் பாத்தாக. மகள் சன்னலைப் பாத்தா.

இப்ப அவளுக்கு இளைய பிள்ளைகளோட அந்தப் பாடத்துல உக்காந்திருக்கா. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா. உன் முறை என்னைக்குன்னு கேட்டேன்.

“தெரியலைம்மா.”

தெரிஞ்சாலும் என்கிட்டச் சொல்ல மாட்டா. சோத்தைப் போட்டேன். சாப்பிட்டா.