காலியாக விட்ட இரண்டாம் இடம்

முசிறியில் வாழையிலை அறுக்கும் தோட்டங்களுக்கும் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ராசப்பன் பதினேழு வருஷமாகத் தினமும் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார். போகும்போது கேரியரில் ஆளுயரத்துக்கு இலைக்கட்டு, மேலே ஈரச்சாக்கு. சத்திரத்தைச் சுற்றியிருந்த ஏழெட்டு ஓட்டல்களில் காலை டிபனுக்கு அவர் கொண்டுவரும் இலையில்தான் இட்லி விழும். வரும்போது வெறும் வண்டிதான், ஆனால் ஆடி மாசத்தில் மேல்காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். சுமையோடு போவதைவிடச் சும்மா திரும்புவதுதான் கஷ்டம் என்பார்.

எட்டாவது வரைக்கும் படித்தவர். ஒல்லியான உடம்பு. தொடை மட்டும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும். யாரிடமும் சண்டைக்குப் போனவர் இல்லை. ஓட்டல்காரர் இலை கிழிந்திருக்கிறது என்று கத்தினால்கூட, "நாளைக்கு நல்லதாப் பாத்துக் கொண்டாரேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு கோபம் வந்து, அது கடைசிவரைக்கும் போகாமலே இருந்தது. அதற்குக் காரணம் 1985-ஆம் வருஷம் ஆடி மாசத்தில் நடந்த ஒரு பந்தயம்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் காவேரி அமெச்சூர் விளையாட்டுக் கழகம் என்று ஒன்று இருந்தது. பேராசிரியர்கள், டாக்டர்கள், பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்கள் சேர்ந்து நடத்தியது. அதன் செயலாளர் அமிர்தராஜ், கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருந்த அவருடைய மகன், அங்கே நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தான். நாமும் நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முழுத்தூரம் நம்ம ஆட்களுக்குத் தாங்காது, பாதித்தூரம் போதும் என்று முடிவாயிற்று. அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கிக் காவேரியை நீந்தி அக்கரை தொட்டு, இரண்டு முறை போய்த் திரும்ப வேண்டும். பிறகு சைக்கிளில் முசிறி போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு உத்தமர்சீலி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்ப வேண்டும். அது மட்டும் இருபத்தொரு கிலோமீட்டர்.

இந்தச் சேதியை ராசப்பனிடம் சொன்னது பஷீர் அகமது. சத்திரத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ராசப்பனின் வண்டிக்கு நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் அவர்தான்.

"ராசப்பா, முசிறி போய்த் திரும்பணுமாம். அதுக்குக் கப்பு குடுக்கிறாங்களாம். நீ தினம் போறியே, உனக்கு யாராச்சும் ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருக்காங்களா?"

ராசப்பன் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த நினைப்பு கூடவே வந்தது. நீச்சல் அவருக்குப் பிறவியிலேயே வந்தது மாதிரி. சின்ன வயசில் முசிறியிலிருந்து குளித்தலைக் கரைக்கு நீந்திப்போய் வந்தவர். சைக்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓட்டம்தான் சந்தேகம். மறுநாளிலிருந்து சாயங்காலம் இலை அறுத்து முடித்ததும் வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பித்தார். அவர் மனைவி பாப்பாயி முதல் நாள் பார்த்துவிட்டு, "யாரு துரத்துறாங்க?" என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டபின், "அப்ப ஒழுங்கா ஓடுங்க, பாதியில நின்னா ஊரு சிரிக்கும்" என்றாள்.

விண்ணப்பத்தைப் பஷீர் அகமதுதான் நிரப்பிக் கொடுத்தார். தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. "என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார்.

"இருக்கறத எழுதுங்க பாய். சைக்கிள்ல வாழையில கொண்டாந்து போடுறது."

அப்படியேதான் எழுதினார்கள். கழகத்தில் வாங்கிப் பார்த்து, முத்திரை குத்தி, முப்பத்தொன்று என்று நம்பரும் கொடுத்தார்கள். பந்தயத்துக்கு அப்போது ஒரு மாசம் இருந்தது.

பந்தயத்தன்று காலை ஆறு மணிக்கு நாற்பத்துமூன்று பேர் படித்துறையில் நின்றார்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் சிவப்பாக, இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாதுகாப்புக்குப் பரிசல்கள் நின்றன. விசில் ஊதியதும் முக்கால்வாசிப் பேர் எதிர்க்கரையைப் பார்த்து நேராக நீந்தினார்கள். ஆறு அவர்களைப் பாலத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ராசப்பன் மேற்கே ஒரு தென்னையைக் குறிவைத்துக் கோணலாக நீந்தினார். ஆற்றோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, அது இழுக்கிற இழுப்பையும் கணக்கில் வைத்துப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கரையேறும்போது அவருக்கு முன்னால் மூன்று பேர்தான்.

சைக்கிளில் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாவற்றையும் பஷீர் அகமது கழற்றிப் போட்டிருந்தார். பதினேழு வருஷத்தில் முதல்முறையாக வண்டி அவ்வளவு லேசாக இருந்தது. காலை வைத்ததும் அதுபாட்டுக்கு ஓடியது. கொள்ளிடம் பாலம் தாண்டி, நொச்சியம் தாண்டிப் போகும்போது காற்று எதிரே அடித்தது. பந்தய சைக்கிள் வைத்திருந்தவர்களெல்லாம் அந்தக் காற்றில் திணறினார்கள். ராசப்பனுக்கு அது தினசரிப் பழக்கம். தலையைத் தாழ்த்தி ஒரே சீராக மிதித்தார். குணசீலத்து டீக்கடையில் நின்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, "டேய், ராசப்பன்டா! எலை எங்கய்யா?" என்று கூச்சல் போட்டார்கள்.

முசிறியில் திரும்புகிற இடத்தில் பாப்பாயி ஒரு சொம்பு நீராகாரத்தோடு நின்றாள். அவர் கால் ஊன்றி மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பினார். அவளும் சொம்பைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடித்தாள். வாத்தலைப் பக்கம் பஸ் அவரைத் தாண்டியபோது ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "முன்னாடி ரெண்டே பேருதான்! மிதிங்க!" என்று கத்தினாள். கண்டக்டர் அதட்டியது இவருக்கும் கேட்டது.

அந்த இரண்டு பேரில் முதல் ஆள் கல்லூரியில் படிக்கிற பையன். இரண்டாவது லூர்து, ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஓட்டத்தில் ராசப்பனுக்கு உள்ளங்கால் கொப்பளித்தது. கான்வாஸ் ஷூவைப் பாதியில் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு தாரில் ஓடினார். உத்தமர்சீலியில் திரும்பி வரும்போது லூர்துவை எட்டிவிட்டார். இரண்டு பேரும் கொஞ்சதூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். லூர்து மூச்சிரைக்க, "அண்ணே, குனிஞ்சு ஓடாதீங்க, நிமிர்ந்து ஓடுங்க, மூச்சு வரும்" என்றார். போட்டிக்காரன் யோசனை சொல்கிறானே என்று ராசப்பனுக்கு ஆச்சரியம். நிமிர்ந்து ஓடினார். மூச்சு வந்தது. திருவானைக்காவல் வருவதற்குள் லூர்துவை விட்டு முன்னால் போய்விட்டார்.

படித்துறைக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் முடிவுக் கயிற்றைத் தொட்டபோது, கிளம்பி ஐந்து மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கல்லூரிப் பையன் முதல், இவர் இரண்டாவது. பஷீர் அகமது தன் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிக் கூத்தாடினார். பாப்பாயி ராசப்பனின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கொப்பளத்தில் தண்ணீர் விட்டாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "சந்தோஷத்த வீட்ல போயிச் சொல்லிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணிக்குப் பரிசளிப்பு. மேடையில் அமிர்தராஜ் மைக்கில் பெயர்களை வாசித்தார். முதல் பரிசு கல்லூரிப் பையனுக்கு. இரண்டாம் பரிசு, லூர்து.

கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். லூர்து எழுந்திருக்கவில்லை. ராசப்பன் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று பக்கத்தில் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே மேடைக்குக் கீழே போய் நின்றார்.

"சார், ரெண்டாவது நான்தானுங்களே?"

அமிர்தராஜ் மைக்கை மூடிக்கொண்டு குனிந்தார். குரலில் கோபமே இல்லை. அந்த மெதுவான குரல்தான் ராசப்பனுக்குப் பின்னால் ஞாபகம் வந்து வந்து எரிந்தது.

"நீங்க நல்லா செஞ்சீங்க. யாரும் இல்லேங்கலை. ஆனா ரூல் ஒண்ணு இருக்கு. இது அமெச்சூர் போட்டி. பொழுதுபோக்கா விளையாடறவங்களுக்கு. நீங்க கூலிக்கு சைக்கிள் ஓட்டறவர். தொழில்முறை ஆளைச் சேர்க்க முடியாது."

"அத எப்ப சார் பாத்தீங்க?"

"கமிட்டி இப்பதான் கூடிப் பேசிச்சு."

"விண்ணப்பத்துல எழுதிக் குடுத்திருக்கேனே! ஒரு மாசமா உங்க மேசையிலதானே இருந்துச்சு? நான் இருபதாவதா வந்திருந்தா கமிட்டி கூடியிருக்குமாங்க?"

ராசப்பன் பேச்சை நிறுத்தவில்லை. அவ்வளவு பேர் முன்னால் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"சைக்கிளுக்குக் கூலின்னு சொல்றீங்க. சரி. ஆத்துல நீந்துனேனே, அதுக்கு யாரு கூலி குடுத்தா? ஓடுனேனே, கால் கிழிஞ்சு, அதுக்கு? இந்த வாத்தியார் சாருக்கு ஓடச் சொல்லிக் குடுக்கத்தான சம்பளம்? அவரு எப்படி சார் பொழுதுபோக்கு ஆனாரு?"

"உங்களுக்கு அது பழக்கம், ராசப்பன். மத்தவங்களுக்கு அது விளையாட்டு. அதுதான் வித்தியாசம்."

அப்போது பாப்பாயி வந்துவிட்டாள். "ஐயா, நாப்பது கிலோமீட்டரு எலைக்கட்டோட வந்துதான் உங்க எலையில சோறு விழுது. அப்ப அந்த மிதி இனிக்குது. கப்பு வாங்கற மிதின்னா மட்டும் கசக்குதா?" என்று கேட்டாள். பந்தல் முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் வந்து அவளை அமைதியாக இருக்கச் சொன்னார்கள். அவள் அமைதியாகவில்லை. ராசப்பன்தான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். பஷீர் அகமது வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ராசப்பன் வழக்கம்போல இலையோடு வந்தார். கால்கட்டோடு மிதித்து வந்தார். ஓட்டல் இலைக்குக் கால் கொப்பளம் தெரியுமா? சத்திரத்தில் இலைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது லூர்து வந்து நின்றார். கையில் துணிப்பையில் அந்தக் கப்பு.

"அண்ணே, இது உங்களோடது. நான் நேத்து வாங்கியிருக்கவே கூடாது. கையில திணிச்சுட்டாங்க."

ராசப்பன் பையைப் பார்த்தார். "எனக்குக் கப்பு வேண்டாம் சார். வீட்ல வைக்க எடமும் இல்ல. அவங்க வாசல்ல பலகையில பேரு எழுதப்போறாங்களாமே, அதுல என் பேரு வேணும். நான் வந்த நேரம் வேணும். இல்லாத ஆளாட்டம் அழிச்சுட்டாங்களே, அதுதான் சார் பொறுக்கல."

லூர்து பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் போன மனிதர் சும்மா இருக்கவில்லை. கழகத்துக்குக் கடிதம் எழுதினார்: ராசப்பன் தொழில்முறை ஆள் என்றால் சம்பளத்துக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற நானும் தொழில்முறை ஆள்தான், என் பெயரையும் எடுத்துவிடுங்கள். கப்பையும் கடிதத்தோடு வைத்து வந்தார். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

கமிட்டி மூன்று தடவை கூடியது. ராசப்பன் பெயரைப் போட்டால் தாங்கள் செய்தது தப்பு என்றாகும். நாலாவதாக வந்தவரை இரண்டாவதாக்கலாம் என்றால், அவரும் எந்த இடமும் வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் பெயிண்டரை வைத்துப் பலகை எழுதினார்கள். முதல் இடத்துக்கு நேரே பையன் பெயர். இரண்டு என்று எண் போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை. மூன்றுக்கு நேரேயும் வெறும் பச்சைப் பெயிண்ட்தான்.

பஷீர் அகமது போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாத்தியா, உன் எடத்துல எவனையும் உக்கார வைக்க முடியல" என்று சந்தோஷமாகச் சொன்னார். ராசப்பனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. "ஆளு இருக்கறப்ப எடம் ஏன் பாய் காலியா இருக்கணும்?" என்றார்.

அடுத்த இரண்டு வருஷம் அந்தப் பந்தயத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. லூர்து தன் மாணவர்களை அனுப்பவில்லை. வேறு சில ஆசிரியர்களும் அனுப்பவில்லை. 1988-இல் கழகத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். அவர் அந்த விதியை எடுத்துவிட்டு, சத்திரத்துக்கே ஆள் அனுப்பி, ராசப்பன்தான் கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கொடி அசைக்க எனக்குத் தெரியாதுங்க" என்றார் ராசப்பன். "நம்பர் இருந்தா குடுங்க, ஓடறேன்."

கொடுத்தார்கள். வயசு அப்போது முப்பத்தொன்பது. முந்தின வருஷம் சுமையோடு விழுந்ததில் வலது முழங்கால் கெட்டிருந்தது. தண்ணீரிலிருந்து ஐந்தாவதாக ஏறினார். சைக்கிளில் அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஓட்டத்தில் பாதிக்குமேல் நடந்தார். பதினாலாவதாக வந்து சேர்ந்தார். முடிவுகளைத் தட்டச்சு செய்து ஒட்டிய தாளில், சி. ராசப்பன், முசிறி, தொழில் வாழையிலை வியாபாரம் என்று இருந்தது. பாப்பாயி யாரையோ வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ராசப்பன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நேரே செயலாளரிடம் போனார்.

"பதினாலாவது சரிங்க, அது என்னோடதுதான். எண்பத்தஞ்சுல ரெண்டாவது ஒண்ணு இருக்கு. அத எப்ப எழுதுவீங்க?"

புதுச் செயலாளர் பார்க்கலாம், கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

"வைங்க. நான் தினம் இந்தப் பக்கமாத்தான் போறேன். கேட்டுட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, ராசப்பன் மனைவியை, மறுபடி பூட்டியிருந்த கேரியரில் ஏறச் சொன்னார். முழங்கால் வலித்தது. முசிறிக்குக் காற்று எதிரேதான் அடித்தது.