பூமாரியின் சைக்கிளில் நான் மூட்டையானது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரியும். தாணுமாலையன் இலைக்கடை என்றால் பேரம் பேசக்கூடப் பயப்படுவார்கள். பூமாரி மட்டும் என்னை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷன் வன்னியபெருமாளோடு கட்டட வேலைக்கு இங்கே வந்தவளுக்கு, சாரம் சரிந்து விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு ஒரு பழைய பேட்டரி சைக்கிளை வாங்கி, என்னிடம் வாழையிலைக் கட்டு எடுத்து, மேட்டுத் தெரு மெஸ்களுக்குக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தாள். சமதரையில் மிதித்துவிடுவாள். ஏற்றத்தில் அந்தக் கால் மிதிக்காது, மோட்டார்தான் இழுக்க வேண்டும்.

மெஸ் கூடியது, கட்டும் கூடியது, மோட்டார் திணறியது. மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற கன்ட்ரோலர் பெட்டியைப் பெரிதாக மாற்றினாள். அங்கேதான் வந்தது வினை. புதுப்பெட்டி போட்டபின் சைக்கிள் பாதி ஏற்றத்தில் உறுமிவிட்டு நின்றது. என் பக்கத்துக் கடை மலையாளி மெக்கானிக் அனில் அதை ஸ்டாண்டில் தூக்கி வைத்து ஆக்ஸிலேட்டரைத் திருகுவான். சக்கரம் சர்ரென்று சுற்றும்.

"ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி!"

மறுபடி ஏற்றம், மறுபடி உறுமல். நொண்டிக்கொண்டே தள்ளிப் போனால் இலை நேரத்துக்குப் போய்ச் சேருமா? மெஸ்காரர்கள் முகம் சுளித்தார்கள். வன்னியபெருமாளுக்கு வெறுத்துவிட்டது. ஊரோடு போய்விடுவோம் என்று முடிவு கட்டி, ஒருநாள் சாயங்கால பஸ்ஸுக்குப் பையும் கட்டிவிட்டான்.

அன்று காலையில் பூமாரி சைக்கிளோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் போவ மாட்டேன். எம்மக இங்க மலையாளத்துல பிளஸ் ஒன் படிக்கா. அவளுக்குத் தமிழ் எழுதவே வராது. அங்க போயி என்ன செய்வா, எங்கூட உக்காந்து பீடி சுத்துவாளா?"

கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. என்னால் ஆனது, கேரியரில் இருந்த இலைக்கட்டை இறக்கி வைத்தேன். எங்கள் தெருவில் வண்டி பழுது என்றால் முதல் காரியம் பாரத்தை இறக்குவதுதான். அனிலும் வழக்கம்போல ஸ்டாண்டில் தூக்கி ஓடவிட்டான். பூமாரி சக்கரத்தின் நடுவில் இருந்த மோட்டாரில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"சும்மா சுத்துற சக்கரம் எதுக்கு இப்பிடிக் கொதிக்கு? கீழ எறக்கு அனிலு. பாரத்த வச்சு ஓட்டிப் பாப்போம்."

"ரிப்பேர் வண்டியில லோடு வைக்கப்பிடாது சேச்சி. மறிஞ்சு விழுந்தா எல போச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் தொப்பையைப் பார்த்தாள் என்பதே சரி.

"அண்ணாச்சி, ஏறுங்க."

"நானா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"எல கிழியும். நீங்க கிழிய மாட்டீங்க."

தெருவே சிரித்தது. மானம் கப்பலேற, கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்; பூமாரி ஓட்டினாள். அனில் சக்கரத்தோடு காதை வைத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தான். ஏற்றத்தில் கால்வாசி போவதற்குள் உறுமல் கேட்டது, வண்டி நின்றது. அனிலின் முகம் மாறியது.

"ஸ்டாண்டில இந்த சத்தம் கேட்டில்லல்லோ!"

அங்கேயே பெட்டியைப் பிரித்தான். மோட்டாரிலிருந்து தடித்த வயர் மூன்று, மெல்லிய வயர் மூன்று. பெட்டியிலிருந்தும் அப்படியே. மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை என்று நிறம் பார்த்துச் சேர்த்திருந்தான். பெட்டி செய்தவன் வேறு, மோட்டார் செய்தவன் வேறு. நிறம் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லையாம். பாரம் இல்லாதபோது தப்பான சேர்க்கையிலும் சக்கரம் சுற்றிவிடும், பாரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும் என்றான்.

"கலர் நோக்கிக் கொடுத்தேன் சேச்சி. தெத்திப்போச்சு."

"சரி, மாத்து."

மாற்றினான். வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. மறுபடி மாற்றினான். அது பின்னால் போயிற்று! "பத்மநாபா!" என்று நான் போட்ட கூப்பாடு கிழக்கேகோட்டை வரை கேட்டிருக்கும். அனில் குறுக்கே விழுந்து பிடித்தான்.

"உண்டுட்டு வந்து நோக்கலாம் சேச்சி. எனக்கு வெசக்குது."

"பசிக்கட்டும். அடுத்தத மாத்து."

"ஏ பிள்ளே, எனக்கு இடுப்பு போச்சு!"

"இருக்கட்டும் அண்ணாச்சி."

எத்தனை முறை இறங்கி ஏறினேனோ, எனக்கே நினைவில்லை. கடைசியில் ஒரு சேர்க்கையில் உறுமலே இல்லை. சைக்கிள் என்னைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறியது. அனில் பின்னால் ஓடிவந்து மூச்சு வாங்கினான். மேலே, அவர்கள் வாடகை வீட்டு வாசலில், பக்கத்தில் பையோடு வன்னியபெருமாள் நின்றுகொண்டிருந்தான். பூமாரி பிரேக் பிடித்தாள். அனில் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

"ஏங்க, பைய உள்ள வைங்க."

அவன் ஏற்றத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வண்டி அண்ணாச்சியவே தூக்கிட்டு ஏறிட்டா?"

"ஏறிட்டு."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அப்போதுதான் பூமாரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

"எறங்குங்க அண்ணாச்சி," என்றாள் உடனே. "கடையில எல வாடுது."

என்னை மேட்டிலேயே விட்டுவிட்டு இலையெடுக்கப் போய்விட்டாள்.